மேட்டுப் புல்வெளியில் நட்ட முளைகள்

ஹின்டர்ஹால்டன்
12 மே 1957

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

அக்கா வெரேனா எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அத்தானும் பிள்ளைகள் ஆக்னெஸும் லிஸ்பெத்தும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? சூரிச்சில் இன்னும் அந்தக் குளிர்ந்த அறையில்தான் படுக்கிறாயா? உலர்ந்த பேரிக்காய் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். மாணவர்களுக்குக் கொடுத்துவிடாதே, நீயே தின்னு.

இந்தக் கோடையில் எங்கள் மலையில் ஆராய்ச்சி செய்யப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் தங்குவது விடுதியில் என்கிறாயே, ஏன்? மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. உடன்பிறந்தவள் வீடு கால் மணி நடையில் இருக்கும்போது விடுதியில் தங்கினால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் நினைக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பால் ஊற்றப் போன இடத்தில் பால்கூடக்காரர் லிமாகர் கேட்டார்: "என்ன வெரேனா, தம்பி கல்லு பொறுக்க வர்றாராமே? இல்ல தண்ணி அளக்க வர்றாரா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்டி, தேவாலயத்தோடு ஊரையே தண்ணீருக்குக் கொடுத்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கேயும் முதலில் ஒரு பேராசிரியர்தான் வந்தாராம்.

அப்படி ஒன்றும் இல்லை என்று ஒரு வரி எழுது. லிமாகரிடம் காட்டிவிட்டு நிம்மதியாகப் பால் ஊற்றுவேன்.

உன் நலம் நாடும் அக்கா,
வெரேனா


சூரிச்
21 மே 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் அனைவரின் நலமே என் வேண்டுதல். பேரிக்காய் வந்தது. இருமல் பரவாயில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று லிமாகருக்குச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல். உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை அரித்த இடத்தில், சிமெண்டில் பதித்தது போல உருண்டைக் கற்கள் நிறைந்த பாறை தெரிகிறதே, அதுதான் என் வேலை. ஆல்ப்ஸ் மலை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், எழும்ப எழும்ப ஆறுகள் அதைச் சுரண்டிக் கீழே கொட்டின. மலைக்கு வடக்கே நிலம் பள்ளமாக அமுங்கிக்கொண்டே போனது; கொட்டியதெல்லாம் அந்தப் படுகையில் அடுக்கடுக்காகப் படிந்தது. ஒவ்வோர் அடுக்கிலும் இருக்கும் கூழாங்கல் என்ன கல் என்று பார்த்தால், அன்று மலையுச்சியில் என்ன பாறை இருந்தது என்று சொல்லிவிடலாம். உச்சியில் இருந்தது அடியில் கிடக்கும். பிற்பாடு வெட்டுப்பட்டது மேலே கிடக்கும். அதாவது மலையின் கதை தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. அதோடு முடியவில்லை. மலை மேலும் வடக்கே நகர்ந்து, தான் கொட்டியதன் மேலேயே ஏறி, அடுக்குகளைச் சாய்த்துவிட்டது.

ஓடை நெடுக இரும்பு முளைகள் அடித்து, நாடா பிடித்து, ஒவ்வோர் அடுக்கின் தடிமனையும் அளக்கப்போகிறேன். பாறை தெரியாத இடத்தில் உங்கள் மேட்டுப் புல்வெளி வழியாக முளைவரிசை போகும். அத்தான் அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

விடுதியில் தங்குவது கற்களைப் பரப்பி வைக்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான். தவறாக நினைக்காதே.

அன்புடன்,
காஸ்பர்


ஹின்டர்ஹால்டன்
30 ஜூன் 1957

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். லிஸ்பெத்துக்கு மட்டும் பல் வலி, பிடுங்கியாயிற்று. உன் வயிறு எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாட்டில் பன்றிக்கொழுப்பை அள்ளிப் போடுவார்கள் என்று முன்பே சொன்னேன்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கூழாங்கல் கதையை ரசித்துக் கேட்டார். முடிந்ததும், "சரி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் எங்க?" என்றார். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

நீ இங்கே இருந்த இரண்டு வாரத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒருமுறை சாப்பிட்டாய். அன்றைக்கும் அடிக்கடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வியாழக்கிழமை அத்தான் விடுதிப் பக்கம் போனபோது, நகரத்துத் தொப்பி போட்ட இரண்டு பேர் உன்னோடு வரைபடத்தை விரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்களாம். இவரைக் கண்டதும் நீ வரைபடத்தை மடித்தாயாம். மடிக்காமல் இருந்திருந்தால் அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். "கல்லப் பத்தின படம்னா எனக்கு ஏன் ஒளிக்கணும்? எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே" என்கிறார்.

அணைக்காக வந்தாயா, இல்லையா? ஒரு சொல்லில் எழுது.

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. நிலவறைக் கதவு இறுகிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிறது. மழைக்கு மரம் ஊறியிருக்கும். பனி உருகியதிலிருந்து ஊற்றுத்தண்ணீர் பால் மாதிரி வருகிறது, தெளியவைத்துக் குடிக்கிறோம். நீயும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ஆசிகளுடன்,
அக்கா


சூரிச்
21 ஜூலை 1957

அன்புள்ள அக்கா,

நலம். அனைவரையும் கேட்டதாகச் சொல். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மட்டும் கேட்கிறேன். சென்ற வாரம் ஒரு நாள் வந்து என் முளைவரிசையை மறுபடி அளந்தேன். நேரம் இல்லாததால் வீட்டுக்கு வரவில்லை. மேலே பாறையில் அடித்த முளைகள் சரியாக இருந்தன. உங்கள் புல்வெளியில் இருப்பவை இடம் மாறியிருக்கின்றன. சில ஒரு சாண், சில அதற்கும் மேல். யாரோ பிடுங்கி, கவனமாக மறுபடி நட்டிருக்கிறார்கள். பார்த்தால் தெரியாது, அளந்தால்தான் தெரியும். என் இரண்டு வார வேலை பாழ்.

விடுதியில் விசாரித்தேன். ஜூலை முதல் வாரம் முழுவதும் அத்தான் மேட்டுப் புல்வெளியில்தான் இருந்தாராம். அவருக்கு என் மேல் கோபம் இருக்கிறது என்பதும் தெரியும். நான் அவரைச் சொல்லவில்லை. அங்கே வேறு யார் வந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

காஸ்பர்


ஹின்டர்ஹால்டன்
25 ஜூலை 1957

காஸ்பர்,

ஜூலை முதல் வாரத்தில் ஒரு விவசாயி தன் புல்வெளியில் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியாதா? புல் அறுத்தார். நானும் அறுத்தேன், ஆக்னெஸும் அறுத்தாள். எங்களையும் சேர்த்துக்கொள்.

உன் அத்தானை உனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். கோபம் வந்தால் முளையைப் பிடுங்கி ஓடையில் எறிவார்; எறிந்தேன் என்று பால்கூடத்தில் நின்று சொல்லவும் செய்வார். ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல இருக்க அவருக்குப் பொறுமையும் கிடையாது, அந்தப் புத்தியும் கிடையாது. அப்படி நகர்த்தி அவருக்கு என்ன லாபம் என்று நீ யோசிக்கவே இல்லையா?

சென்ற வாரம் வந்தாயாம். வீட்டுக்கு வராமல் போனாயாம். எங்கள் புல்வெளியில் நின்றால் எங்கள் அடுப்புப் புகை மூக்கில் படும்.

நான் கேட்ட கேள்விக்கு இப்போதும் பதில் இல்லை. நிலவறைக் கதவை இரண்டாம் முறையாக இழைத்தாயிற்று. இப்போது சமையலறைக் கதவும் அடம் பிடிக்கிறது. வீடே உன்னைப் போல வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

வெரேனா


சூரிச்
18 ஆகஸ்டு 1957

அன்புள்ள அக்கா,

மறுபடி அளந்தேன். மறுபடி நகர்ந்திருக்கிறது. இது பல்கலைக்கழகத்துச் சொத்து. என் சொந்த விஷயமாக விட்டுவிட முடியாது. மாவட்டக் காவல் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். யார் பெயரையும் குறிப்பிடவில்லை. நிலம் யாருடையது என்று கேட்டார்கள், அதைச் சொன்னேன்.

நலமாக இரு.

காஸ்பர்


ஹின்டர்ஹால்டன்
2 செப்டம்பர் 1957

காஸ்பர்,

போலீஸ்காரர் பூகர் வந்தார். நாங்கள் வண்டியில் உலர்ந்த புல்லை ஏற்றிக்கொண்டிருந்தோம். லிமாகரின் ஆட்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும்தான் அத்தானிடம் விசாரணை.

"பால்ட்ஸு, கோவிச்சுக்காதே. மேலேர்ந்து உத்தரவு. அந்த முளைங்கள நீ தொட்டியா?"

"தொட்டிருந்தா புடுங்கிட்டு வந்து உன் வாசல்ல போட்டிருப்பேன். யாரு எழுதிக் குடுத்தது?"

பூகர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்ததே பதில். அத்தான் கவைக்கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். பிள்ளைகள் எதிரில் அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

பிறகு நிமிர்ந்து சொன்னார்: "பூகரு, நீயே மூணு முளை அடி. உன் கையால. மேல பெட்டியக் கவுத்துப் பூட்டு. உன் ஈய முத்திரைய வை. மேல இருக்கிற பாறையிலேர்ந்து எவ்ளோ தூரம்னு நீயே அளந்து எழுதிக்க. அப்பறம் பாக்கலாம் எவன் கைய வெக்கிறான்னு."

பூகர் அப்படியே செய்தார். நாலு பேர் சாட்சி. சாவி அவரிடம். இனி உன் முளைகளைப் போலீஸ் காக்கும்.

நீ எனக்கு எழுத வேண்டாம்.

வெரேனா


சூரிச்
6 அக்டோபர் 1957

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியாது. தயவுசெய்து கடைசி வரை படி.

பூகர் எனக்குத் தகவல் அனுப்பினார். முத்திரை உடையவில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. ஆனால் மூன்று பெட்டிகளும் பாறையிலிருந்து விலகியிருக்கின்றன. நேற்று வந்து நானே அளந்தேன். புல்வெளி முளைகள் எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு, கீழ்நோக்கிப் போயிருக்கின்றன. யாரும் நகர்த்தவில்லை. நிலம் நகர்கிறது. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவு முழுவதும் நகர்கிறது. புல்வெளியின் மேல்விளிம்பில், புதருக்குள், கை நுழையும் அளவு வெடிப்பைக் கண்டேன்.

கூழாங்கல் பாறை அடுக்குகளுக்கு நடுவே களிமண் அடுக்கு இருக்கிறது. அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. தண்ணீர் இறங்கினால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி ஆகிவிடும். இது எனக்கு ஜூலையிலேயே தோன்றியிருக்க வேண்டும். மலை லட்சக்கணக்கான ஆண்டுகளில் நகரும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, மூன்று வாரத்தில் ஒரு சாண் என்றதும் அது மனிதனின் வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த மனிதன் யார் என்பதையும்.

கதவுகள் இறுகுவதை எழுதியிருந்தாய். ஊற்று கலங்குவதை எழுதியிருந்தாய். அதையெல்லாம் தாண்டி, அத்தானைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று மட்டும் தேடிப் படித்தேன்.

அக்கா, உடனே வீட்டைக் காலி செய்யுங்கள். மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போங்கள். இலையுதிர்கால மழை தொடங்கிவிட்டால் நேரம் இருக்காது.

காஸ்பர்


ஹின்டர்ஹால்டன்
10 அக்டோபர் 1957

காஸ்பர்,

படித்தேன். அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொதல்ல கல்லுன்னான். அப்பறம் திருடன்னான். இப்ப மலை விழுதுங்கறான். மூணுக்கும் ஒரே அர்த்தம்தான் வெரேனா. நாம இந்த எடத்த விட்டுப் போகணும். வெறும் வீட்டக் காட்டி, பாருங்க இங்க யாருமே குடியில்லன்னு அணை கட்டற கம்பெனி எழுதிக்கும்."

ஊரிலும் இதே பேச்சு. கம்பெனி ஆள் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வந்து போனாராம். முதலில் சரிவில் இருக்கும் மூன்று வீடுகள், பிறகு கீழ்த்தெரு, பிறகு தேவாலயம் என்று லிமாகர் வரிசையே சொல்கிறார்.

எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. வெடிப்பை நானும் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மாடு மிதித்தாலும் மண் வெடிக்கும் என்கிறார் அத்தான். மே மாதத்திலிருந்து உன்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கே உண்மை சொல்லாதவன் இதற்கு மட்டும் உண்மை சொல்கிறான் என்று எதை வைத்து நம்புவேன்?

இரண்டு நாளாக மழை.

வெரேனா


சூரிச்
13 அக்டோபர் 1957

அன்புள்ள அக்கா,

ஆம். அணைக்காகத்தான்.

இரண்டு வருஷமாக மின்சாரக் கம்பெனிதான் என் ஆராய்ச்சிக்குச் செலவு செய்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பாறை ஏரியைத் தாங்குமா என்று நான் சொல்ல வேண்டும். கூழாங்கல் ஆராய்ச்சியும் பொய் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அதைச் செய்ய என்னிடம் வழி இல்லை. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் அந்தக் கையெழுத்து மட்டும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. விடுதியில் தங்கியதும் அதனால்தான்.

இப்போது நான் சொல்வதை நீங்கள் நம்ப எந்தக் காரணமும் இல்லை என்று தெரிகிறது. வரும் ஞாயிறு மதியம் வருகிறேன். அத்தான் வாசலில் நிறுத்தினாலும் சரி.

காஸ்பர்


சூரிச்
30 அக்டோபர் 1957

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அத்தானின் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌகரியமாக இருக்கிறீர்களா? லிஸ்பெத்தின் காய்ச்சல் தணிந்ததா? கம்பளிப் போர்வைகள் நான்கு அனுப்பியிருக்கிறேன்.

செய்தித்தாளில் மலை சரிந்த படத்தைப் பார்த்தேன். உங்கள் வீடு இருந்த இடத்தை அந்தப் படத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூரையாவது தெரியும் என்று நினைத்தேன்.

கம்பெனிக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன். அடிவாரத்தில் தண்ணீர் தேங்கினால் மிச்சமிருக்கும் சரிவும் ஏரிக்குள் இறங்கும், இந்தப் பள்ளத்தாக்கில் அணை கூடாது என்று எழுதினேன். இனி என் ஆராய்ச்சிக்கு அவர்கள் உதவ மாட்டார்கள் என்று நேற்றுப் பதில் வந்தது. பூகரிடம் என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அது போதாது என்றும் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஞாயிறு உங்கள் மேசையில் உட்கார்ந்து நான் ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. அத்தான் என்னிடம் பேசவே இல்லை. பிறகு திடீரென்று எழுந்து போய் மாடுகளை அவிழ்த்தார். ஏன்?

உங்கள்,
காஸ்பர்


கீழ்த்தெரு
17 நவம்பர் 1957

அன்புள்ள தம்பி காஸ்பருக்கு,

அக்கா எழுதுவது. லிஸ்பெத் தேறிவிட்டாள். போர்வைகள் வந்தன; கனமாக, நல்லதாக இருக்கின்றன. உன் இருமல் மறுபடி வந்திருக்கும், எழுத மாட்டாய், எனக்குத் தெரியும். மார்பில் கொழுப்புத் தடவிக்கொண்டு படு.

நீ கேட்டதற்குப் பதில். அன்று நீ வந்ததும், "நீங்க போகலேன்னா நானும் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். அத்தான் நம்பவில்லை. நாடகம் என்று நினைத்தார். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தேன். நீ மேல்கோட்டைக் கழற்றவில்லை. மேலே எங்கோ ஒரு கல் உருண்ட சத்தம் கேட்டது. மலையில் கல் உருளாத நாள் ஏது? நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன் கையிலிருந்த காப்பி மட்டும் மேசையெல்லாம் சிந்தியது. லிஸ்பெத் துடைக்க வந்தபோது அவள் தோளைப் பிடித்து இழுத்து, சன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் நீ இருக்கும்படி, உனக்கு இந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டாய். மலைப் பக்கத்துச் சன்னல் அது. நீ செய்தது உனக்கே தெரிந்திருக்காது.

அத்தான் என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டார். "வெரேனா, அவன் நடிக்கல. கம்பெனிக்காரன் இவ்ளோ பயப்பட மாட்டான். புள்ளைங்களக் கெளப்பு" என்றார். அவ்வளவுதான். நீ எழுதிய கடிதங்கள் எதுவும் செய்யாததை அந்தக் காப்பி செய்தது.

புதன்கிழமை காலை அது வந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. தரை முனகுவது போல இருந்தது. கீழ்த்தெருவிலிருந்து பார்த்தோம். புல்வெளி மரங்களோடு நின்றபடியே கீழே வந்தது. வீடு சாயவில்லை. கொஞ்ச தூரம் நிமிர்ந்தே நகர்ந்தது. புகைபோக்கி நேராக இருந்தது. அப்புறம் இல்லை. அத்தான் தொப்பியைக் கழற்றினார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் எங்களைப் பார்த்துக் கிளம்பியதால் தப்பினார்கள்.

இனி அடுத்த கதை. சென்ற வாரம் பால்கூடத்தில் லிமாகர் எல்லோர் முன்னிலும் கேட்டார்: "எப்படி வெரேனா, மலை விழப்போற நாளு உங்க வீட்டுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுது? வெடி வெச்சாங்களா? தம்பி கம்பெனி ஆளுதானே?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "ஆமா, கம்பெனி ஆளுதான். கம்பெனி காசுலதான் வந்தான். எங்கிட்டயும் பொய் சொன்னான். என் புருஷன் மேல போலீஸ அனுப்பினான். எல்லாம் நெசம். அவன்தான் வந்து எங்க மேசையில உக்காந்தான். உங்களுக்கு அணை வராம எழுதிக் குடுத்ததும் அவன்தான். இன்னும் ஏதாவது தெரியணுமா?"

நம்பினார்களா என்று தெரியவில்லை. லிமாகர் என் பாலை வழக்கத்தைவிட இரண்டு முறை அதிகமாக வடிகட்டினார்.

அத்தான் உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். இல்லை. ஆனால் நேற்று இரும்புக் கம்பி ஒன்றை முளையாக அராவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைக் காட்டினார். அந்த வீட்டின் சமையலறைக் கதவு திங்கள்கிழமையிலிருந்து உராய்கிறது. பழைய வீடு, மழைக்காலம், அதனால் இருக்கும் என்கிறார் அவர் அண்ணன். இருக்கலாம்.

தம்பி, இந்த மேடும் வருமா? தபாலில் எழுதாதே. அடுத்த ரயிலில் புறப்பட்டு வா. வந்து எங்களோடு உட்கார்ந்து காப்பி குடி. அத்தான் உன் எதிரில் உட்காருவார்.

எதிர்பார்த்திருக்கும்,
அக்கா